கீமோ பாட்டிலுக்குள் இருப்பதும் மரப்பட்டைதான்

வாசகர் கேள்வி - பதில்

மார்பகப் புற்றுநோய் மருந்துகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்துதான். செலவு, ஸ்கேன், முடி கொட்டுவது என்று கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். கேட்டதெல்லாம் மூலிகையைப் பற்றி. அதனால் இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் டாக்டர் இல்லை. வேலூரில் ஒரு மருத்துவமனையில் கீமோ மருந்துகளைக் கலந்து கொடுக்கும் அறையில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் ஆயா ஊருக்கே கைவைத்தியம் பார்த்தவர். பச்சிலையும் எனக்குச் சொந்தம், பாட்டில் மருந்தும் எனக்குச் சொந்தம். அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

கே: என் அம்மாவுக்கு வயது 52. இடது மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்தது. முதலில் சிவப்பு மருந்து நான்கு தடவை, அப்புறம் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம் வேறொரு மருந்து ஏற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘அக்கா உடம்பில் விஷத்தை ஏற்றாதீர்கள், மூலிகையிலேயே சரியாகிவிடும்’ என்று தாய்மாமன் ஒற்றைக்காலில் நிற்கிறார். அம்மாவும் தம்பி பேச்சைத்தான் கேட்கிறார். செடிகொடிகளில் உள்ள பொருள்கள் மார்பகப் புற்றுநோயை அழிக்கும் என்பது உண்மையா? – வாசகி, குடியாத்தம்

ப: உண்மைதான் அம்மா. உங்கள் கையில் இருக்கும் சீட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு வார மருந்தின் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் பாக்ளிடாக்செல் என்று எழுதியிருக்கும். அது மரப்பட்டையிலிருந்து வந்தது. சிவப்பு மருந்தும் (டாக்ஸோரூபிசின்) மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்ததுதான். மாமாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். அவர் கேட்கிற தாவர மருந்தைத்தான் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அமெரிக்க அரசின் புற்றுநோய் நிறுவனம் ஒரு காலத்தில் கண்ணில் பட்ட செடி, கொடி, மரத்தையெல்லாம் திரட்டிச் சோதித்துக்கொண்டிருந்தது. 1962இல் வாஷிங்டன் மாநிலத்துக் காட்டிலிருந்து பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டை வந்து சேர்ந்தது. மன்றோ வால் என்ற வேதியியலாளரும், நம் மகாராஷ்டிரத்து நந்துர்பாரில் பிறந்து அங்கே வேலைக்குப் போன மன்சுக் வானியும் அந்தப் பட்டைச் சாற்றைப் பிரித்துப் பிரித்து, வேலை செய்கிற அந்த ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டார்கள். அது செல்லுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். சினைப்பைப் புற்றுநோய்க்கு 1992இலும் மார்பகப் புற்றுநோய்க்கு 1994இலும் அங்கே அனுமதி கிடைத்தது. பட்டை உரித்த நாளிலிருந்து பார்த்தால் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் உருவாகும். பிரிந்து முடிந்ததும் அவை கலைய வேண்டும். கட்டடத்துக்குக் கட்டிய சாரத்தை வேலை முடிந்ததும் பிரிக்கிற மாதிரி. பாக்ளிடாக்செல் அந்தச் சாரத்தைப் பிரிக்கவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். செல் நடுவழியில் மாட்டிச் சாகும். வேகமாகப் பிரிகிற செல்கள்தான் அதிகம் அடிபடும். புற்றுநோய்ச் செல் அப்படிப்பட்டது. தலைமுடியின் வேரும் அப்படிப்பட்டது, அதனால்தான் முடி கொட்டுகிறது. நரம்புகளுக்குள்ளும் இதே இழைகள் இருப்பதால் விரல்கள் மரத்துப்போகின்றன. ஜாக்கெட் ஊக்கு மாட்ட வரவில்லை, காலில் செருப்பு கழன்றது தெரியவில்லை என்று அம்மா சொன்னால், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே நர்ஸிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார்கள், அல்லது தள்ளிப்போடுவார்கள்.

மாமா விஷம் என்கிறார். கடுமையான மருந்து என்பதில் எனக்கும் மறுப்பில்லை. இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு, தனிக் காற்றோட்டப் பெட்டிக்குள் கைவிட்டுத்தான் கலப்போம். ஆனால் அந்த யூ மரத்தின் கதையை முழுதாகக் கேளுங்கள். அதன் இலையை மேய்ந்த மாடு இதயம் நின்று செத்துப்போகும். இலையில் இருக்கும் வேறொரு பொருள்தான் அதற்குக் காரணம். மருந்தும் கொல்லும் நஞ்சும் ஒரே மரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இலையைப் பறித்துக் கஷாயம் வைத்திருந்தால் யாருக்கும் புற்றுநோய் குணமாகியிருக்காது, குடித்தவர் போயிருப்பார். வேண்டியதை மட்டும் பிரித்து, வேண்டாததை நீக்கி, அளவு கண்டுபிடித்ததுதான் அந்த முப்பது வருஷ வேலை.

அளவு என்றேனே, அதுதான் என் தொழில். அம்மாவின் உயரம், எடையிலிருந்து உடம்பின் பரப்பளவைக் கணக்கிடுவார்கள். வாராவாரம் ஏற்றும்போது ஒரு சதுர மீட்டருக்கு 80 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 150 சென்டிமீட்டர் உயரமும் 55 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்குப் பரப்பளவு ஏறக்குறைய 1.5 சதுர மீட்டர். மருந்து 120 மில்லிகிராம். ரத்தத்தில் கவுண்ட், அதாவது அணுக்களின் எண்ணிக்கை, குறைந்திருந்தால் அன்றைக்கு ஏற்றவே மாட்டார்கள். கஷாயத்தில் இந்தக் கணக்குக்கு வழியே கிடையாது. ஒரே செடியில் ஆடியில் பறித்த இலைக்கும் தையில் பறித்த இலைக்கும் சத்து மாறும். மண் மாறினால் மாறும். இளந்தளிருக்கும் முற்றிய இலைக்கும் மாறும்.

இன்னொரு விஷயம், நம் ஊர்க்காரர்கள் யாரிடம் சொன்னாலும் ஆச்சரியப்படுவார்கள். இந்த மருந்து தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு கரைப்பானிலும் ஆல்கஹாலிலும் கரைத்துத்தான் குப்பியில் அடைக்கிறார்கள். சிலருக்கு ஏற்ற ஆரம்பித்ததும் முகம் சிவந்து மூச்சு முட்டுவதற்குப் பல நேரம் அந்தக் கரைப்பான்தான் காரணம். அதைத் தடுக்கத்தான் முன்கூட்டியே ஸ்டீராய்டும் அலர்ஜி மருந்தும் கொடுக்கிறார்கள். சாதாரண பிளாஸ்டிக் பையில் ஊற்றினால் பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் கண்ணாடி பாட்டில் அல்லது அதற்கென்றே உள்ள பை, இடையில் வடிகட்டி வைத்த டியூப். அம்மாவுக்கு ஏற்றும் நாளில் கவனித்துப் பாருங்கள், தெரியும்.

கடைசியாக மாமாவுக்கு ஒரு கணக்கு. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டது. புற்று வேறு இடங்களுக்குப் பரவாத நிலையில், வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களையும், சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். மார்பகப் புற்றுநோயில், மறுத்தவர்கள் இறக்கும் அபாயம் ஐந்தரை மடங்குக்கும் மேல். அக்காமேல் பாசம் இருப்பதால்தானே மாமா இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார்? அவரையே முதல் நாள் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்துப் போங்கள். டாக்டரிடம் அவர் வாயாலேயே கேட்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

கே: மேடம், நான் உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறேன். ‘இந்த இலைச் சாறு எம்.சி.எஃப்-7 மார்பகப் புற்றுச் செல்களைக் கொன்றது’ என்று நூற்றுக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. நானும் அப்படி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இவ்வளவு இலைகள் கொல்லும்போது ஏன் ஒன்றும் மருந்தாக வெளியே வருவதில்லை? – மாணவர், காட்பாடி

ப: தம்பி, நீங்கள் தினமும் மீடியம் மாற்றி வளர்க்கிற அந்தச் செல்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியுமா? 1970இல், டெட்ராய்ட்டில் மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளை ஆய்வகத்தில், நோய் முற்றிய ஒரு கன்னியாஸ்திரியின் நெஞ்சில் கோத்திருந்த நீரிலிருந்து எடுத்தவை. அந்த அறக்கட்டளையின் முதலெழுத்துகள்தான் பெயரில் இருக்கின்றன. அந்த அம்மாள் போய்விட்டார். அவருடைய செல்கள் காட்பாடி வரை வந்து இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது செல்லில் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடம், என்னென்ன செய்கிறது என்று நாம் கற்றதில் பெரும்பங்கு அவர் உடம்பிலிருந்து வந்தது. அடுத்த முறை குப்பியைத் திறக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். ஆய்வகத் தட்டில் இருக்கிற செல்லைக் கொல்வது எளிது. ஸ்பிரிட் ஊற்றினாலும் சாகும். உப்பு அதிகமானாலும் சாகும். அதே அளவில் உங்கள் சாறு நல்ல மார்பகச் செல்லை விட்டுவைக்கிறதா என்று பார்த்தீர்களா? சாற்றில் இருக்கிற பல பொருள்களில் எது வேலை செய்கிறது? வாய்வழி கொடுத்தால் குடல் அதை உள்ளே விடுமா, கல்லீரல் உடைத்துப்போடாமல் இருக்குமா, கட்டி வரைக்கும் போதுமான அளவு போய்ச் சேருமா? ஒவ்வொரு கேள்வியிலும் பெரும்பாலான இலைகள் நின்றுவிடுகின்றன. நான் முன்னே சொன்ன அமெரிக்கத் திட்டத்தில், 1960இலிருந்து இருபது வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாறுகளைச் சோதித்தார்கள். பெரிய மருந்தாகத் தேறியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தேறியதில் ஒன்றின் கதை உங்களுக்கு உதவும். வாலும் வானியும் சீனத்து மரம் ஒன்றிலிருந்து 1966இல் கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிந்தது, ரத்த அணுக்கள் விழுந்தன. எழுபதுகளிலேயே நிறுத்திவிட்டார்கள். அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். பிறகு அதே பொருளின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி வேறு மருந்துகள் செய்தார்கள். இப்போது அந்த வாரிசுப் பொருள்களைப் புற்றுச் செல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற எதிர்ப்புரதத்தோடு இணைத்துக் கொடுக்கிறார்கள். டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான், சாசிட்டுசுமாப் கோவிட்டிகான் என்ற இரண்டும் அப்படி வந்தவை. இரண்டாவது, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன், ஹெர்-2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை மார்பகப் புற்றுநோய்க்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹார்மோன் மாத்திரைக்கும் மசியாத வகை அது. கேம்ப்டோதெசின் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் இருக்கிறது. அதற்காகவே வெட்டி வெட்டி அந்த மரம் குறைந்துபோனது தனி வருத்தம்.

ஆகவே ஆய்வை நிறுத்தாதீர்கள். நல்ல செல்லோடு ஒப்பிடாமல் மட்டும் அனுப்பாதீர்கள். கட்டுரை வந்தபின் நிருபர் யாராவது வந்தால், ‘இது தட்டில் நடந்த சோதனை, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை’ என்று தலைப்பிலேயே போடச் சொல்லிக் கேளுங்கள். ‘மார்பகப் புற்றுநோய்க்கு மூலிகை மருந்து கண்டுபிடிப்பு’ என்று ஒரு வரி பேப்பரில் வந்தால் போதும், பேரணாம்பட்டில் எங்கோ ஒரு அம்மா அடுத்த ஊசிக்கு வரமாட்டார். ஆள் வராமல் காலியாகக் கிடந்த படுக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். கலந்து வைத்த மருந்து அப்படியே இருக்கும்.

கே: எனக்கு மார்பக ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து டாமாக்சிபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். ‘மஞ்சளில் உள்ள குர்குமின் திரும்ப வராமல் தடுக்கும்’ என்று மருமகள் மிளகுச் சத்து சேர்த்த கேப்சூல் வாங்கித் தந்திருக்கிறாள். சாப்பிடலாமா? மஞ்சள் பாலும் கூடாதா? – வாசகி, ஆற்காடு

ப: மஞ்சள் பால் குடியுங்கள். குழம்பு, ரசம், கூட்டு எதிலும் மஞ்சளைக் குறைக்க வேண்டாம். கேப்சூலை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

காரணம் இதுதான். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அதுவும் குடலில் சரியாக ஏறாது. ஏறின கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே அனுப்பிவிடும். கிராம் கணக்கில் விழுங்கியவர்களின் ரத்தத்திலும் சொற்பமாகத்தான் தென்பட்டது. இதற்கு வழி தேடி பெங்களூரில் 1998இல் ஓர் ஆய்வு நடந்தது. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகில் உள்ள காரப்பொருள், சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் இருபது மடங்கு கூடியது. அந்த ஆய்வை வைத்துத்தான் இன்றைக்கும் கேப்சூல் விற்கிறார்கள். ஆனால் பைப்பரின் எப்படி அதைச் செய்கிறது? கல்லீரலும் குடலும் மருந்துகளை உடைக்கிற வேலையை மட்டுப்படுத்திச் செய்கிறது. குர்குமினை மட்டும் பார்த்து மட்டுப்படுத்தத் தெரியாது அதற்கு. நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் கணக்கும் சேர்ந்து குழம்பும்.

டாமாக்சிபென் விஷயத்தில் இது இன்னும் நுணுக்கம். அந்த மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் அதை எண்டாக்சிபென் என்ற பொருளாக மாற்ற வேண்டும். உண்மையில் வேலை செய்வது அதுதான். நெதர்லாந்தில் டாமாக்சிபென் சாப்பிடும் பெண்களுக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்து, 2019இல் முடிவை எழுதினார்கள். ரத்தத்தில் எண்டாக்சிபென் குறைந்தது. பைப்பரினும் சேர்த்துக் கொடுத்தபோது இன்னும் குறைந்தது. மருமகள் வாங்கியது எந்த வகை? மிளகு சேர்த்தது. நீங்கள் ஐந்து வருஷம், சிலர் பத்து வருஷம், நாள் தவறாமல் சாப்பிடுகிற மாத்திரையின் பலத்தை அது குறைத்தால் என்ன பயன்?

கீமோ நடக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 2002இல் எலிகளில் செய்த ஆய்வில், தீவனத்தில் குர்குமின் கலந்தபோது மார்புக் கட்டியைச் சுருக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தின் வேலை தடைபட்டது. சிவப்பு மருந்தோடு வழக்கமாகச் சேர்த்துக் கொடுப்பது இந்தச் சைக்ளோபாஸ்பமைடுதான்.

குர்குமினுக்கு எதிர்காலமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆர்மீனியாவில் நோய் முற்றிய 150 பெண்களுக்குப் பாக்ளிடாக்செல்லோடு குர்குமினை வாரம் ஒருமுறை ரத்தக்குழாய் வழியாக ஏற்றிப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. கட்டி சுருங்கியவர்கள் குர்குமின் பிரிவில் 51 சதவீதம், மற்றப் பிரிவில் 33 சதவீதம். நல்ல செய்திதான். இன்னும் பெரிய ஆய்வுகளில் அது உறுதியாக வேண்டும். கவனியுங்கள், அங்கே கொடுத்தது ஊசியாக, அளந்து, மேற்பார்வையில், கீமோவோடு சேர்த்து. டப்பா கேப்சூலுக்கு அதைச் சாட்சியாகக் காட்ட முடியாது.

மருமகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். மாமியாருக்கு மறுபடி வந்துவிடக் கூடாதே என்ற கவலையில் காசு போட்டு வாங்கியிருக்கிறாள்.

கே: முள்சீத்தா இலைத் தேநீர் கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி வாய்ந்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? – வாசகர், ஆம்பூர்

ப: அந்த 10,000 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1996இல் ஓர் ஆய்வகத்தில் முள்சீத்தாவின் விதையிலிருந்து பிரித்த ஒரு பொருளைப் பெருங்குடல் புற்றுச் செல்மேல் சோதித்தார்கள். சிவப்பு மருந்தைவிட 10,000 மடங்கு வீரியமாக இருந்தது. நடந்தது தட்டில். விதைக்குப் பதில் இலை, குடலுக்குப் பதில் மார்பு, தட்டுக்குப் பதில் மனிதர் என்று கைமாறிக் கைமாறி உங்கள் போனுக்கு வந்திருக்கிறது. முள்சீத்தா அதிகம் சாப்பிடும் கரீபியக் கடல் தீவான குவாதலூப்பில், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்க்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக 1999இலேயே மருத்துவர்கள் எச்சரித்தார்கள். கீமோவால் ஏற்கெனவே விரல் மரத்திருப்பவருக்கு அந்த இலைத் தேநீரை ஊற்றாதீர்கள். ஆசைக்கு எப்போதாவது ஒரு சுளை பழம் தின்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கே: எங்கள் வாசலில் நித்தியகல்யாணி மண்டிக் கிடக்கிறது. புற்றுநோய் மருந்து அதில்தான் எடுக்கிறார்கள் என்று பேரன் படித்துச் சொன்னான். தினம் ஐந்து பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் நோய் அண்டாதா? – வாசகி, வாலாஜாபேட்டை

ப: குடிக்க வேண்டாம். பேரன் சொன்னது சரி. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அந்த இலையைக் காய்ச்சிக் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் இறங்கின. அதைப் பிடித்துக்கொண்டு போய் 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். தொடர்ந்து வின்கிரிஸ்டின் வந்தது. அதே குடும்பத்து வினோரெல்பின் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. வின்கிரிஸ்டின் குப்பியின்மேல் ‘ரத்தக்குழாய் வழியாக மட்டும், வேறு வழியில் கொடுத்தால் உயிர் போகும்’ என்று அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அதை வாய்விட்டுப் படித்த பிறகே கையில் எடுப்பேன். வெள்ளை அணுவை இறக்குகிற செடியை நோய் இல்லாதவர் ஏன் குடிக்க வேண்டும்? வாசலில் பூக்கட்டும், சாமிக்குப் போடுங்கள்.

கே: என் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி. ஊருக்கு வரும் வைத்தியர் ஒருவர் சேராங்கொட்டை மருந்தும், மேலே பத்து போட ஒரு பச்சிலையும் தருகிறார். மூன்று மாதத்தில் கட்டி உடைந்து வெளியே வந்துவிடும் என்கிறார். சித்த மருத்துவத்தை நீங்கள் நம்புவதில்லையா? – வாசகர், ஒடுகத்தூர்

ப: நான் மதிக்கிறேன். எங்கள் ஆயா ஜவ்வாது மலையிலிருந்து வரும் கடுக்காய்க்காகக் காத்திருப்பார், நான் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள். ஆனால் உங்கள் பெரியம்மாவை இந்த வாரமே பயாப்ஸிக்கு, அதாவது கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க, அழைத்துப் போங்கள். மூன்று மாதம் காத்திருக்காதீர்கள்.

‘கட்டி உடைந்து வெளியே வரும்’ என்பதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மார்பகப் புற்று தோலைத் துளைத்துக்கொண்டு புண்ணாவது நோய் முற்றியதன் அடையாளம். அதைக் குணமாகிறது என்று நம்பி, புண்மேல் மஞ்சளும் பச்சிலையும் அப்பி, சீழ் வாடை மறைக்க முந்தானையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். மலைப்பக்கத்திலிருந்தும் வந்தார்கள், வேலூர் டவுனிலிருந்தும் வந்தார்கள். கோலிக்குண்டு அளவில் வந்திருந்தால் மார்பை எடுக்காமலேயே கட்டியை மட்டும் எடுத்திருக்க முடியும் என்று டாக்டர்கள் சொல்லும்போது, பதில் பேசாமல் தரையைப் பார்ப்பார்கள்.

சேராங்கொட்டையைப் பற்றி. சலவைத் துணியில் குறி போட அதன் பாலைப் பயன்படுத்தியது உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். பட்ட இடம் கொப்புளிக்கும். அதனால்தான் சித்தர் முறையில் சுத்தி (நச்சு நீக்கம்) செய்யாமல் தொடமாட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்புக் கட்டி வரவழைத்த எலிகளுக்கு அந்தக் கொட்டையின் சாற்றைக் கொடுத்து நல்ல பலன் கண்டு எழுதியிருக்கிறார்கள். எலியைத் தாண்டி, ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் பதிலாக அதை நிறுத்தும் அளவுக்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை.

சித்த மருத்துவம் வேண்டுமென்றால் படித்துப் பதிவு பெற்றவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. நல்ல சித்த மருத்துவர் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்பார், கீமோவை நிறுத்தச் சொல்லமாட்டார். பெயர் சொல்லாத பொடி, பற்பம், செந்தூரம் எதையும் கீமோ காலத்தில் கொடுக்காதீர்கள். பாதரசம், பாஷாணம் சேர்ந்தவை அவற்றில் உண்டு. கீமோ மருந்தைச் சுத்திகரித்து வெளியேற்றுவதும் அதே கல்லீரலும் சிறுநீரகமும்தான்.

கே: எனக்கு இப்போது கீமோ நடக்கிறது. வீட்டில் அத்தை தினமும் ஏதாவது ஒரு பச்சிலை அரைத்துக் கொடுக்கிறார். மறுக்க முடியவில்லை. டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது. – வாசகி, சத்துவாச்சாரி

ப: திட்டினால் ஒரு நிமிஷம் திட்டுவார், சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருந்தால் கல்லீரல் டெஸ்டில் எண்கள் ஏறும்போது, அது கீமோவாலா பச்சிலையாலா என்று தெரியாமல் உங்களுக்குத் தேவையான மருந்தை நிறுத்திவிடுவார்கள். அதைவிடத் திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

அரைத்த பச்சைச் சாறு எதுவானாலும் கீமோ முடியும் வரை வேண்டாம். கவுண்ட் இறங்கியிருக்கும் நாள்களில் இலையில் ஒட்டியிருக்கிற மண்ணும் கிருமியும் உங்களுக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். கீமோவுக்கு நடுவில் 100.4 டிகிரி காய்ச்சல் என்பது ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரம். அத்தை மனம் நோகாமல் இருக்க வேறு வேலை கொடுங்கள். முருங்கைக்கீரையை நன்றாக வேகவைத்துப் பொரியல் செய்யட்டும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் கடைந்து கொடுக்கட்டும். வாய்ப்புண் இருந்தால் காரம் இல்லாமல் பருப்பு சாதம், முட்டை, மோர். கீமோ ஓடும்போது உடம்பு தேற வேண்டும், அதற்கு அத்தை கைச்சமையல்தான் வேண்டும்.

டாக்டர் அறையில் நேரமும் இருக்காது, பயத்தில் பேச்சும் வராது. அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: பச்சிலையின் பெயர், தெரியாவிட்டால் ஒரு கிளையையே கவரில் போட்டு. எப்போதிலிருந்து, எவ்வளவு, வெறும் வயிற்றிலா, கடைசியாகக் குடித்தது என்றைக்கு. வேலூர் லாங்கு பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது என்றால் பொட்டலத்தோடு. அந்தத் தாளை டாக்டரிடம் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், ரத்தம் எடுக்கும் நர்ஸிடமோ மருந்து கலக்கும் மருந்தாளுநரிடமோ கொடுங்கள். பாட்டிலை மாட்டுவதற்கு முன்னால் கொடுங்கள்.